பதிமூன்று அங்குலக் கட்டை

அன்று காலை பத்து மணிக்கு என் அண்ணி காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். ஒன்று அவளுடையது, மற்றது என் அண்ணனுடையது. பார்த்ததுமே புரிந்துவிட்டது: கீழே பட்டறைக்கு ஏதோ வந்திருக்கிறது, அது திரும்பிப் போகும்வரை இந்த வீட்டில் ஒருவருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது.

“சீக்கிரம் கீழ வாங்க. டார்ச் பிடிக்க ஆள் வேணும்.”

“என்ன வந்திருக்கு அண்ணி?”

“துப்பாக்கி!”

நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவன். சிவப்புப் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். “பாதித் துப்பாக்கிதான். மரம் மட்டும். இரும்பெல்லாம் கடையில பூட்டி இருக்கு. வாங்க, வாங்க!”

தெருவில் யாரும் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் டேப்பக்கா. கழுத்தில் எப்போதும் ஒரு துணி டேப் தொங்கும். இருபத்திரண்டு வருஷம் ஒரு மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்யும் பிரிவில் வேலை பார்த்தவள். ஒரு மனுஷன் வாசலில் நடந்து வரும்போதே எந்த இடுப்பு உயரம், எந்த முட்டி உள்ளே மடங்குகிறது என்று சொல்லிவிடுவாள். என் அண்ணன் பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் அண்ணி வேலைக்குப் போய் வந்தாள். ஒருநாள் இறங்கும்போது அவரிடம், “உங்களுக்கு வலது கால் அரை இன்ச் நீளம். முதுகு வலிக்குமே?” என்று கேட்டிருக்கிறாள். அண்ணனுக்கு எட்டு வருஷமாக முதுகு வலி. எந்த டாக்டரும் காலை அளந்து பார்த்ததில்லை. செருப்புக்குள் ஒரு தோல் துண்டை வைத்துக்கொடுத்தாள், வலி போய்விட்டது. அடுத்த ஆறாவது மாதம் கல்யாணம். அந்த அரை இஞ்சில் விழுந்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

கால்கள் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது அண்ணி அழவெல்லாம் இல்லை. “நடக்கிறவங்களுக்கு எடை கொறையுது, நல்லதுதானே” என்று சொல்லிவிட்டு, கணக்கு முடித்துக்கொண்டு வந்து, வீட்டுக்குக் கீழே இருந்த கார் ஷெட்டைப் பட்டறையாக்கினாள். நாற்காலி, ஊன்றுகோல், கிரிக்கெட் மட்டை, வயலின் கழுத்து, எது உடைந்தாலும் வரும். ஆனால் துப்பாக்கி வந்தது அதுதான் முதல் தடவை.

கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் துப்பாக்கிக் கடைக்காரர். லைசென்ஸ் வைத்துக் கடை நடத்துகிறவர், கட்டையான ஆள், பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேஜையைத் தட்டுவார். இன்னொருவர் கால்நடை மருத்துவர். ஊரே மாட்டு டாக்டர் என்று சொல்லும். ஆறடிக்கு மேல் உயரம். ஷெட் வாசலில் ஒருமுறை இடித்துக்கொண்டுவிட்டார் போல, நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவே மேஜையில், பழைய துண்டின் மேல், கறுத்துப்போன ஒரு மரக்கட்டை கிடந்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் தோளில் வைத்து அழுத்துகிற பகுதி. பக்கத்தில் குழலுக்கு அடியில் கை தாங்குகிற சின்ன முன்கட்டை.

“எங்கப்பாவோட துப்பாக்கி,” என்றார் டாக்டர். “போன வருஷம் அப்பா தவறிட்டார். லைசென்ஸ என் பேருக்கு மாத்திட்டேன். மாசக் கடைசியில துப்பாக்கி கிளப்புல மண்தட்ட வானத்துல எறிஞ்சு சுடுற போட்டி. அப்பா துப்பாக்கியால சுடணும்னு ஆசை. ஆனா சுட்டா கன்னத்துல அறையுது. ரெண்டாவது நாள் பாத்தா கழுத்துல வெடிப்பு.”

கழுத்து என்று அவர் சொன்னது கட்டையின் ஒடுங்கிய இடம், சுடும் கை பிடிக்கிற இடம். அங்கே முடி மாதிரி ஒரு வெடிப்பு இரண்டு இஞ்சுக்கு ஓடியிருந்தது.

கடைக்காரர் மேஜையைத் தட்டினார். “துப்பாக்கி நல்ல துப்பாக்கி. தொண்ணூறு வயசு இருக்கும். ஆனா இந்தக் கட்டை அதோடது இல்ல. எவனோ பின்னாடி போட்டது. ஒண்ணு, குட்டையா இருக்கு. ரெண்டு, கோணலா இருக்கு. மூணு, முன்கட்டை ஒரு நிறம், இது ஒரு நிறம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம்னேன். டாக்டர்தான் மனசு கேக்கலங்கிறார்.”

“அப்பா தெனமும் தொடைச்சு வெச்ச கட்டை,” என்றார் டாக்டர். “போடுறதுக்கு முன்னாடி மரம் தெரிஞ்ச ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு...”

அண்ணி அதற்குள் கட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். பச்சைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, திருப்பி, முகர்ந்து பார்த்தாள். “ரெண்டு நாள் குடுங்க,” என்றாள்.

அவர்கள் போனதும் வேலை ஆரம்பித்தது. நான் டார்ச் பிடித்தேன்.

முதலில் நிறம். இரும்பு உட்காருகிற தலைப் பகுதி கன்னங்கரேல் என்று இருந்தது. பின்னால் போகப்போகப் பழுப்பு, கடைசியில் தேன் நிறம். அண்ணி நகத்தால் கறுப்பைச் சுரண்டி விரலில் தேய்த்தாள். “எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு அலமாரியில நிக்க வெச்சிருக்காங்க. குழல் மேல, கட்டை கீழ. வருஷக்கணக்கா எண்ணெய் எல்லாம் கீழ எறங்கி மரம் குடிச்சிருக்கு. முன்கட்டைக்கு அந்த யோகம் இல்ல, அதான் வெளுத்துக் கெடக்கு. கடைக்காரர் சொன்ன மூணாவது காரணம் காலி!”

ரேகையைப் பார்க்க இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் வால்நட் மரம். கருங்கோடுகள் ஒரே நெருக்கத்தில் ஓடின. “ஒரே மரமான்னு சத்தியம் பண்ண மாட்டேன். அக்கா தங்கச்சி மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லுவேன்.”

அடுத்தது நம்பர். துப்பாக்கி செய்கிறவர்கள் இரும்பில் குத்தும் நம்பரைச் சில சமயம் மரத்திலும் எங்காவது மறைவாகக் குத்துவார்கள் என்று கடைக்காரர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். தான் தேடியும் கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். அண்ணி நம்பவில்லை. அவளுக்கு யார் தேடியதும் தேடியதாகக் கணக்கில்லை. விசையைச் சுற்றி இருக்கும் காப்பு வளையத்தின் நீண்ட வால் படிந்து கிடக்கும் பள்ளத்தில், தார்போல அழுக்கு அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு, அரை மணி நேரம், ஒரு இஞ்சு பள்ளத்தை மட்டும் துடைத்தாள்.

“ஒளிய சாய்ச்சுப் பிடிங்க. இன்னும். இன்னும் சாய்ங்க!”

பக்கவாட்டில் ஒளி விழுந்ததும் மரத்தில் ஏதோ நிழல் தட்டியது. அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டார்ச் ஆடியது.

“உங்க கிட்ட மெல்லிசுத் தாள் இருக்குமே!”

ஒரே பாய்ச்சலில் மாடிக்கு ஓடி, ஒரு தாளைக் கொண்டுவந்தேன். அதைப் பள்ளத்தின் மேல் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தாள். ஆறு. மூன்று. அப்புறம் ஒரு குச்சி, ஒன்றோ ஏழோ. கடைசியில் எட்டு.

“ஒண்ணா ஏழா?”

“நீங்கதானே எழுத்துப் பாக்குறவர், நீங்க சொல்லுங்க!”

நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். சத்தியமாகத் தெரியவில்லை. அண்ணி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாடு அண்ணன்தான் சமைத்தார். உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். அண்ணி கவனிக்கவே இல்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, குழல்களையும் நடுப்பாகத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணி பையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

“செயற்கைக் காலு சரியாப் பொருந்துதான்னு இப்படித்தான் பாப்போம். இருபது வருஷமா வெச்சிருக்கேன், உதட்டுல ஒருநாளும் போட்டதில்ல,” என்றாள். இரும்பின் உள்பக்கம் முழுக்க மெலிதாகச் சிவப்புப் பூசி, கட்டையில் உட்காரவைத்து, கடைக்காரரிடம் திருகாணியை முடுக்கச் சொன்னாள். பிறகு கழற்றினார்கள். மரத்தின் பள்ளமெங்கும் சிவப்பு ஒட்டியிருந்தது. மூலை, முடுக்கு, வளைவு, ஒரு இடமும் விட்டுப்போகவில்லை. இரும்பு தொடாத மரமே இல்லை.

“அடேயப்பா,” என்றார் கடைக்காரர். உடனே சுதாரித்துக்கொண்டார். “நல்ல கைக்காரன் புதுக்கட்டையையும் இப்படி உக்கார வைப்பான்.”

“வைப்பான். ஒத்துக்கிறேன். இப்ப இரும்புல இருக்கிற நம்பரப் படிங்க. நான் என்ன வெச்சிருக்கேன்னு சொல்ல மாட்டேன். நீங்க படிங்க.”

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “ஆறு...”

அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள்.

“மூணு...”

இன்னும் பலமாகக் கிள்ளினாள்.

“ஏழு, எட்டு.”

“ஏழு! ஏழுதான்! நான் சொன்னேன்ல!” அவள் அப்படிச் சொல்லவே இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அதை யார் சொல்வது? தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். கடைக்காரர் தாளையும் இரும்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கட்டையை வாங்கித் தன் பூதக்கண்ணாடியால் பள்ளத்தையே நேராகப் பார்த்தார். மேஜையைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், தட்டாமல் இறக்கிவிட்டார்.

“அசல்,” என்றார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தூக்கிப் போடச் சொன்னேனே! சரி, அப்ப குட்டையும் கோணலும் எப்படி வந்துச்சு?”

“அங்கதான் நீங்க சொன்னது சரி. வெட்டியிருக்காங்க, வளைச்சிருக்காங்க.”

அடிப்பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினாள். தகடு மூடியிருந்த இடத்தில் ரம்பம் போன தடம் இன்னும் தெரிந்தது. விசையிலிருந்து அடிவரை பதிமூன்று அங்குலம். சாதாரணமாகப் பதினாலரை இருக்கும். கழுத்தைச் சுற்றி, துணி சுற்றியதுபோல, ஒரு கருத்த வளையம். சூடான எண்ணெய் ஊற்றி வளைத்த அடையாளம். தலையிலிருந்து அடிவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தாள். அடிப்பக்கம் நூலை விட்டு இடது பக்கமாக விலகிப் போயிருந்தது. மேல் முனையில் கொஞ்சம், கீழ் முனையில் இன்னும் கொஞ்சம்.

“தானாக் கோணினா கண்டபடி கோணும். இது கணக்காப் போகுது. வலது கைக்காரங்களுக்கு வளைக்கணும்னா வலது பக்கம் வளைப்பாங்க. இது இடது. இதையும் பாருங்க.” கட்டையின் மேல்விளிம்பில், வலது பக்கம் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெருகு தேய்ந்து மழமழவென்று இருந்தது. “இடது தோள்ல வெச்சா இடது கன்னம் படுற எடம். ஒருத்தர் கன்னம் வெச்சு வெச்சுத் தேஞ்ச எடம் இது. ஒரே ஆளு. இடது கை. உயரம் அஞ்சடி ஒண்ணு, தப்பினா அரை இன்ச் இப்படி அப்படி. கழுத்து நீளம்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கலர் என்னன்னும் சொல்லுவீங்க போலிருக்கே!”

சிரிப்பு அடங்குமுன் மாட்டு டாக்டர் உள்ளே வந்தார். கடைக்காரர்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். அசல் என்று கேட்டதும் டாக்டர் முகம் பூரித்துவிட்டது. அண்ணி அடுத்ததைச் சொன்னாள்.

“கட்டை துப்பாக்கியோடதுதான் டாக்டர். ஆனா துப்பாக்கி உங்கப்பாவோடது மாதிரி தெரியல.”

“என்ன சொல்றீங்க? எங்கப்பா அத மடியில வெச்சுத் தொடைக்கிறத நான் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன்.”

“அவர் உயரம் என்ன?”

“ஆறடி ரெண்டு. நான் அவர மாதிரிதான்.”

“எந்தக் கை?”

“வலது.”

அண்ணி கட்டையை அவரிடம் நீட்டினாள். வலது தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கட்டை அவர் தோளுக்கு எட்டவே அவர் குனிய வேண்டியிருந்தது. கண் இங்கே, கட்டை எங்கோ. “இதுல உங்கப்பா ஒரு தட்டக்கூட ஒடைச்சிருக்க முடியாது. அஞ்சடிக்கு ஒட்டின ஒரு இடது கைக்காரருக்காகச் சீர் பண்ணின கட்டை இது.”

“வாங்கும்போதே அப்படி இருந்திருக்கும். பழைய துப்பாக்கிதானே.”

“இருக்கலாம். நான் மறுக்கல. அதனாலதான் கேக்குறேன், உங்க வீட்ல இடது கைக்காரங்க யாராவது...”

டாக்டர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே நின்றார்.

“அம்மா,” என்றார். “அம்மா கரண்டியே இடது கையிலதான் பிடிப்பாங்க.”

அடுத்த ஐந்தாவது நிமிஷம் நாங்கள் நாலு பேரும் டாக்டரின் ஜீப்பில் இருந்தோம். கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார், வியாபாரம் கெடுகிறதே என்று நான் சொன்னதற்கு, “வியாபாரம் நாளைக்கும் வரும், இது வருமா?” என்றார். அண்ணி மடியில் கட்டையை வைத்துக்கொண்டு, வழி நெடுகக் கால் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

வீடு ஊருக்கு வெளியே, ஒரு பழத்தோட்டத்தின் நடுவில். டாக்டரின் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து எலுமிச்சைச் செடிக்குக் கிளை நறுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. சின்ன உருவம், நீளமான கழுத்து. கத்தரி இடது கையில். அண்ணி அதைப் பார்த்து என் காலை மிதித்தாள்.

அந்த அம்மா நிமிர்ந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணி கையில் இருந்ததைப் பார்த்தார்.

“என் துப்பாக்கிய யாரக் கேட்டுடா கழட்டின?”

அவ்வளவு பெரிய உருவம், காளை மாட்டையே கீழே தள்ளி ஊசி போடுகிறவர், பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்றார்.

“அம்மா, அது அப்பாவோடதுன்னு...”

“அப்பாவோடதா? அவர் எதிர்ல நிக்கிற யானையச் சுட்டாலும் யானை பொழைச்சுக்கும். அவருக்குத் துப்பாக்கி பிடிக்கவே பிடிக்காது. காது வலிக்கும்பார்.”

“தெனமும் தொடைப்பாரே!”

“தொடைச்சார். துப்பாக்கி என்னோடது, தொடைக்கிற வேலை அவரோடது. நீ தொடைக்கிறவரப் பாத்தே, சுட்டவளப் பாக்கல.”

“ஏம்மா ஒருநாள்கூடச் சொல்லல?”

“நீ கேக்கல. சாவு வீட்டுல வந்தவங்க எல்லாருக்கும் ‘அப்பா துப்பாக்கி, அப்பா துப்பாக்கி’ன்னு எடுத்துக் காட்டினே. அன்னைக்குப் போயி உன்கூடச் சண்டை போடச் சொல்றியா?”

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துச் செடியை ஆராய்கிறவர்போலத் திரும்பிக்கொண்டார்.

பிறகு அந்த அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கல்யாணமான புதிதில், தோட்டத்துக்குள் பன்றி வருகிறது என்று ஒரு பழைய துப்பாக்கியை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது கணவர், அவர் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று கடவுளுக்கே தெரியாது. ஒருநாள் சும்மா இந்த அம்மா கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறார். தூக்க முடியவில்லை, நீளம். ஆனாலும் கிளையில் தொங்கவிட்டிருந்த டப்பா பறந்துவிட்டது. கணவர் சந்தோஷத்தில் குதித்திருக்கிறார். மறுநாளே விளக்குமாற்றுக் கட்டையை மனைவி தோளில் வைத்து அளந்து, தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து, ஒன்றரை அங்குலம் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் சமையலறையில் எண்ணெய் காய்ச்சி, கழுத்தில் துணி சுற்றி, கரண்டி கரண்டியாக ஊற்றி, மூன்று மணி நேரம் வளைத்தார்களாம்.

“வீடு பூரா புகை. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நெருப்புன்னு வாளியோட ஓடி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா அவர் பழைய மண்தட்டுகள வானத்துல எறிவார், நான் சுடுவேன். நல்லா எறிவார். ஒருநாள் இருபதுக்குப் பதினெட்டு. இவன் பொறந்தான். சத்தம் கேட்டா ஒரு நாள் பூரா வீல்வீல்னு கத்துவான். அலமாரியில வெச்சுட்டேன். என் பேருல இருந்த லைசென்ஸப் புதுப்பிக்க அலையறது கஷ்டமா இருக்குன்னு அவர் பேருக்கு மாத்தினோம். அவ்வளவுதான் கதை.”

“அம்மா,” என்றாள் அண்ணி. இவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது. “ஒரே ஒரு தடவை தோள்ல வெச்சுக் காட்டுவீங்களா?”

அந்த அம்மா எழுந்து நின்று கட்டையை வாங்கினார். யோசிக்கவே இல்லை. கை தானாகக் கழுத்தைப் பிடித்தது, கட்டை தானாக இடது தோளில் போய் உட்கார்ந்தது, கன்னம் அந்த மழமழப்பான இடத்தில், மூடி பாட்டிலில் உட்காருவதுபோல, இம்மி பிசகாமல் இறங்கியது. அண்ணியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே டேப்பை எடுத்து உயரம் பார்த்தாள்.

“அஞ்சடி அரை இன்ச்! நான் அஞ்சடி ஒண்ணுன்னேன்.”

“வயசானா மனுஷங்க சுருங்க மாட்டாங்களா? அப்ப அஞ்சடி ஒண்ணுதான்,” என்றார் அந்த அம்மா.

இனி கட்டையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அண்ணி நேர்மையாகச் சொன்னாள்: புதுக்கட்டை போட்டால் டாக்டர் வசதியாகச் சுடலாம், ஆனால் அசல் போய்விடும். இல்லையென்றால் வெட்டின இடத்தில் வால்நட் துண்டு ஒட்டி, சூடு காட்டி நிமிர்த்தி, தொண்ணூறு வருஷத்துக்கு முன் இருந்த மாதிரியே கொண்டுவரலாம். கடைக்காரருக்கு அந்த வழிதான் பிடித்திருந்தது. கண்காட்சியில் வைக்கலாம் என்றார். மூன்றாவது, வெடிப்பை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவது.

டாக்டர் தன் அம்மாவைப் பார்த்தார். “உங்களுது. நீங்க சொல்லுங்க.”

“வெடிப்ப மூடச் சொல்லு. உனக்கு வேணும்னா வேற துப்பாக்கி வாங்கிக்கோ.”

“மேல பளபளன்னு பாலீஷ்...” என்று கடைக்காரர் இழுத்தார்.

“பளபளன்னா கன்னம் வழுக்கும்.”

அண்ணி கட்டையின் இடது பக்கத்தில் இருந்த ஆழமான ஒரு பள்ளத்தைத் தடவிக் காட்டினாள். ஏதோ பெரிய நினைவு அதில் இருக்கும் என்ற பயத்தோடு, “இத விட்டுடவா அம்மா?” என்று கேட்டாள்.

“முதல்ல அத எடு. அவர் தொடைக்கும்போது கைதவறிப் போட்டது. நாப்பது வருஷமா பாக்குறப்பல்லாம் எனக்கு எரிச்சல்.”

வேலை ஐந்து நாள் நடந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் பசை ஒட்டாது. சாக்பீஸ் பொடியைக் குழைத்து வெடிப்பைச் சுற்றி அப்பி, தூரத்திலிருந்து சூடு காட்டினாள்; பொடி எண்ணெயை இழுத்துப் பழுப்பாகியது; சுரண்டிவிட்டு மறுபடி அப்பினாள். ஏழு தடவை. ஏழாவது தடவை பொடி வெள்ளையாகவே நின்றது. பட்டறையே ஒரு கடலை எண்ணெய்க் கடைபோல மணத்தது. வெடிப்பை நூல் அளவு விரித்து, மெல்லிய பசையை உள்ளே இறக்கி, உள்பக்கமாக, வெளியே தெரியாமல், ஒரு மர ஆணி இறக்கினாள். இடது பக்கப் பள்ளத்தின் மேல் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியை ஒற்றினாள்; ஸ்ஸ்ஸ் என்று ஆவி கிளம்ப, நசுங்கிய மரம் மூச்சு வாங்கியதுபோல மேலே எழும்பியது. “பாருங்க, பாருங்க, எழுந்துக்குது!” என்று அவள் போட்ட கூச்சலில் அண்ணன் சட்டை இல்லாமல் ஓடி வந்தார், இஸ்திரிப் பெட்டி எங்கே போயிற்று என்று அவர் ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். உப்புத்தாளை அவள் கட்டையின் மேல் வைக்கவே இல்லை. தேய்த்தால் மரம் இரும்பை விடத் தாழ்ந்துபோகும், கன்னம் தேய்த்த இடமும் அழிந்துபோகும். ஆளி விதை எண்ணெயை விரலால் மூன்று தடவை தடவினாள், அவ்வளவுதான்.

கடைக்காரர் எழுத்தில் ஒரு அபிப்பிராயம் கேட்டார். அண்ணிக்கு அப்படியெல்லாம் எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘கட்டை அசல். பிறகு ஒருவருக்காக வெட்டி வளைக்கப்பட்டது. அந்த ஒருவர் நலமாக இருக்கிறார்.’ கடைசி வாக்கியம் தேவையில்லையே என்றேன். “அதான் முக்கியம், இருக்கட்டும்,” என்றாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. டாக்டர் கிளப் துப்பாக்கியால் சுட்டு ஒன்பதாவதாக வந்தார். போட்டி முடிந்து, கூட்டம் கலையும் நேரத்தில், அனுமதி கேட்டு வாங்கிவிட்டு, தன் அம்மாவைக் கையைப் பிடித்து, நின்று சுடும் கோட்டுக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் உதைப்புக் குறைந்த தோட்டாவாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். கலைய இருந்தவர்கள் நின்றார்கள்.

முதல் தட்டு பறந்தது, தவறியது. இரண்டாவதும் தவறியது. அண்ணி தன் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாவதும் தவறியதும் அந்த அம்மா துப்பாக்கியை இறக்கி, தட்டு எறிகிற இயந்திரத்தை முறைத்தார்.

“இதுக்கு எறியவே தெரியல. உங்கப்பா இதவிட நல்லா எறிவார்.”

நான்காவது தட்டு கிளம்பியது. கட்டை தோளில் ஏறியதையும் சத்தம் வந்ததையும் பிரித்துச் சொல்ல முடியாது. வானத்தில் தட்டு இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொடி மட்டும் நின்றது.

அண்ணி போட்ட சத்தம் துப்பாக்கிச் சத்தத்தை விடப் பெரிது. அவள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னை, பிறகு யாரென்றே தெரியாத ஒரு கிளப் ஆளை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்த அம்மா மட்டும் சலனமில்லாமல் கடைக்காரர் பக்கம் கையை நீட்டினார்.

“இன்னும் எத்தனை இருக்கு?”

“பதினாறு இருக்கும்மா.”

“குடு.”

பதினாறில் ஏழு உடைந்தது. மறுநாள் காலை டாக்டர் போன் செய்தார். அம்மாவுக்குத் தோள் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது, மருந்து தடவ விடமாட்டேன் என்கிறார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். அண்ணி அன்றைக்கே உட்கார்ந்து, இடது தோளுக்கு மட்டும் ஒரு மெல்லிய பஞ்சு மெத்தை தைத்து முடித்தாள். அடுத்த ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு வந்த அந்த அம்மா இருபதுக்குப் பதினொன்று உடைத்தார்.